ஆம்புலன்ஸ் மேசையில் கற்ற சொற்கள்

விடிகாலை நாலே முக்காலுக்கு வந்த போன் அது. தை பிறந்திருந்த நேரம். குறிஞ்சிப்பாடி பக்கமெல்லாம் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. "அக்கா, எங்கப்பாவுக்கு வயித்து வலி. ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டாரு. தூக்கக் கலக்கமாவே இருக்காரு, கண்ணைத் தொறக்க மாட்டேங்குறாரு. வண்டி அனுப்புங்கக்கா" என்றான் ஒரு பையன். நான் நோட்டில் 'வயிற்று வலி, வாந்தி' என்று எழுதிக்கொண்டு, வாசலில் நின்ற சின்ன வண்டியை அனுப்பினேன். அதில் ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், டிரைவர், துணைக்கு ஒரு ஆள். வயிற்று வலிக்கு இது போதும் என்பது அன்றைக்கு என் கணக்கு.

வண்டி போய்ச் சேர்ந்ததும் டிரைவர் அண்ணன் போன் செய்தார். "ஏம்மா, இவரு தூங்கல. முழிச்சுத்தான் இருக்காரு. இமையைத் தூக்க முடியல அவரால. நான் விரலால தூக்கிவிட்டா என்னைப் பாக்குறாரு. பேச்சு குழறுது."

களத்துமேட்டில் நெல்லுக்குக் காவலாகப் பாய் விரித்துப் படுத்திருந்தவர். உடம்பில் கடித்த தடம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டுவிரியன்.

கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, வீங்காது. தரையில் படுத்துத் தூங்குகிறவரை இரவில் கடித்துவிட்டுப் போய்விடும். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி. பிறகு இமை சரியும், விழுங்க முடியாது, நாக்கு குழறும். கடைசியில் மூச்சுவிடும் தசைகள் வேலையை நிறுத்தும். அந்தக் கட்டத்தில் விஷமுறிவு மருந்து மட்டும் போதாது, யாராவது அவருக்காக மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் அனுப்பிய வண்டியில் அதற்கு வழியில்லை. உடனே 108-ஐ அழைத்து நிலைமையைச் சொன்னேன். அந்தப் பக்கமிருந்து பெரிய வண்டி கிளம்பியது. இரண்டு வண்டியும் வடலூர் நாலு ரோட்டில் சந்தித்து, நடுவழியில் ஆளை மாற்றினார்கள். அவர் பல நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தார். நான் முதலிலேயே சரியான கேள்வி கேட்டிருந்தால் அந்த முக்கால் மணி நேரம் வீணாகியிருக்காது. கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "ராத்திரி எங்க படுத்திருந்தாரு, தரையிலயா கட்டில்லயா?"

அன்றைக்குத்தான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம், அழைப்பவர்கள் சொல்லும் சொல். வலது பக்கம், அதைக் கேட்டதும் நான் கேட்க வேண்டிய கேள்வி. அந்த நோட்டில் இருப்பதைத்தான் இங்கே பகிர்கிறேன். கடலூரில் ஒரு மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் மேசையில் எட்டு வருஷமாக இருக்கிறேன். எங்களிடம் இருப்பது நான்கே வண்டி. ஆனால் நான்கு வண்டியை நகர்த்துவதற்குள் 108, போலீஸ், தீயணைப்பு, நெடுஞ்சாலை ரோந்து, பக்கத்து மாநிலம் என்று எல்லாரோடும் பேச வேண்டியிருக்கிறது.

*

முதலில் 'ஆம்புலன்ஸ்' என்ற சொல்லே ஒரு வண்டியைக் குறிப்பதில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 125 என்று ஒரு தர விதி இருக்கிறது. அது நான்கு வகை சொல்கிறது. ஏ வகை என்பது முதலில் ஓடிப்போய் முதலுதவி செய்யும் வண்டி, படுக்கவைத்துக் கொண்டுபோக அல்ல. பி வகை, உயிருக்கு ஆபத்தில்லாத நோயாளியைக் கொண்டுபோய் விடும் வண்டி. சி வகைதான் பி.எல்.எஸ்., அதாவது அடிப்படை உயிர்காப்பு. டி வகை ஏ.எல்.எஸ்., மேம்பட்ட உயிர்காப்பு. வென்டிலேட்டர், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி, மானிட்டர் எல்லாம் இதில்தான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாவற்றிலும் சிவப்பு நீல விளக்குச் சுழலும், சைரன் ஊளையிடும். ஓம்னி வேனில் ஸ்ட்ரெச்சரை ஏற்றினாலும் ஊரில் அதற்குப் பெயர் ஆம்புலன்ஸ்தான். தனியார் வண்டி கூப்பிடும்போது, "என்ன வண்டி? உள்ள யாரு வருவாங்க? டிரைவர் மட்டுமா, இ.எம்.டி. இருக்காரா?" என்று கேட்டுவிடுங்கள். இ.எம்.டி. என்பவர் அவசரகால மருத்துவ உதவியாளர், ரத்த அழுத்தம் பார்ப்பது முதல் பிரசவம் பார்ப்பது வரை பயிற்சி எடுத்தவர். அவர் இல்லாத வண்டி, நேரத்தை மிச்சப்படுத்தும். வழியில் உயிரைத் தாங்காது. நான் அன்று அனுப்பியது அப்படிப்பட்ட பி வகை வண்டிதான்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அதற்கு முன்பு எங்கள் தெருவில் யாருக்காவது நெஞ்சு வலி வந்தால் வாடகைக் காரைத் தேடி ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கும் என்னிடம் போன் செய்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "108-க்குச் சொல்லிட்டீங்களா?" என்பதுதான். அது காசில்லாத சேவை, எங்கள் நான்கு வண்டிக்கு எட்டாத ஊரெல்லாம் அதற்கு எட்டும்.

அங்கே போன் எடுப்பவர் ஒருவர், வண்டியை அனுப்புபவர் இன்னொருவர் என்று வேலை பிரிந்திருக்கும். இவர்களுக்குப் பின்னால் ஒரு மருத்துவரும் இருப்பார். வண்டியில் இருக்கும் இ.எம்.டி.க்குச் சந்தேகம் வந்தால் அந்த மருத்துவரிடம் கேட்டுத்தான் மருந்து கொடுப்பார். வண்டி ஓட்டுபவரை அங்கே 'பைலட்' என்பார்கள். இந்தப் பிரிவினை தெரியாததால் நம் ஆட்கள் ஒரு விஷயத்தில் தவிக்கிறார்கள். "அட்ரஸ் கேட்டுக்கிட்டே இருக்காங்க, வண்டிய அனுப்ப மாட்டேங்குறாங்க" என்று போனை வைத்துவிட்டு இன்னொரு எண்ணுக்கு அடிக்கிறார்கள். ஊர் பெயரும் என்ன பிரச்சினை என்பதும் பதிவானதுமே அனுப்புபவர் வண்டியைத் தேட ஆரம்பித்துவிடுவார். போன் எடுத்தவர் உங்களிடம் கேட்பதெல்லாம் வழியில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குப் போய்ச் சேரும் தகவல். அதனால் அவர் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். வைத்த பிறகும் அந்த எண்ணில் வேறு யாரிடமும் பேசிக்கொண்டிருக்காதீர்கள். வண்டிக்காரர் வழி கேட்க அந்த எண்ணுக்குத்தான் அடிப்பார். சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வேறு போனை எடுங்கள்.

*

இனி நோட்டின் இடது பக்கம்.

'மயக்கம்.' இதுதான் அதிகம் வரும் சொல், அதிகம் ஏமாற்றும் சொல்லும் இதுதான். தலை சுற்றினாலும் மயக்கம். சாப்பிடாமல் கண் இருட்டினாலும் மயக்கம். சர்க்கரை இறங்கிப்போனாலும், குடித்துவிட்டுக் கிடந்தாலும், இதயமே நின்றுபோனாலும் நம் வீடுகளில் மயக்கம்தான். எங்கள் மேசையில் இதற்கு இரண்டே கேள்வி. "கூப்பிட்டா கண்ணைத் தொறக்குறாங்களா?" "நெஞ்சு ஏறி இறங்குதா, பாருங்க." இரண்டுக்கும் இல்லை என்றால் வேறெதுவும் கேட்பதில்லை. அது மாரடைப்பா, பக்கவாதமா என்பதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் ஒரு பொறி இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு அம்மா. "மூச்சு இருக்குங்க, குறட்டை விடுறாரு. உலுக்குனாலும் எழுந்திரிக்க மாட்டேங்குறாரு" என்றார். போனை அவர் முகத்துக்கிட்டே வைக்கச் சொன்னேன். ஒரு இழுப்பு. பிறகு எதுவும் இல்லை. நான் மனதுக்குள் எட்டு எண்ணியதும் இன்னொரு இழுப்பு. அது குறட்டையல்ல, மூச்சும் அல்ல. இதயம் நின்ற சில நிமிஷங்களுக்கு உடம்பு அப்படி இழுக்கும். அந்த அம்மாவிடம், "அவரைத் தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. நெஞ்சுக்கு நடுவுல உள்ளங்கையை வைங்க, அது மேல இன்னொரு கை. முழங்கையை மடக்காம அமுக்குங்க. நான் எண்ணுறேன், நீங்களும் கூடவே சத்தமா எண்ணுங்க" என்றேன். நெஞ்சு ரெண்டு அங்குலம் அமுங்க வேண்டும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. வண்டி போய்ச் சேரும்வரை அந்த அம்மாவின் எண்ணிக்கை நிற்கவில்லை. அழுதுகொண்டே எண்ணினார். அவர் கணவர் பிழைக்கவில்லை. ஆனால் எங்கள் இ.எம்.டி. போய் மானிட்டரை மாட்டியபோது ஷாக் கொடுத்துப் பார்க்கக்கூடிய நிலையில் அந்த இதயம் இருந்ததற்கு அந்த அம்மாவின் கைதான் காரணம். இதை நான் அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

'ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு.' இதைச் சொன்னால் பக்கவாதம் என்று எனக்குப் புரிந்துவிடும். நான் கேட்பது நேரத்தை. எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால் தவறான பதில் வரும். "காலைல ஆறு மணிக்குக்கா" என்பார்கள். அது இவர்கள் கண்டுபிடித்த நேரம். எனக்கு வேண்டியது, "கடைசியா எப்ப நல்லா பேசிக்கிட்டு இருந்தாங்க?" என்பதற்கான பதில். இரவு பத்து மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தவர் என்றால் கணக்கு பத்து மணியிலிருந்துதான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு. ஆகவே ஸ்கேன் இல்லாத இடத்துக்கு முதலில் போய், அங்கிருந்து எழுதிக்கொடுத்து, மறுபடி வண்டி பிடிப்பது என்றால் நேரம் அங்கேயே கரைந்துவிடும். பக்கத்து ஆஸ்பத்திரி எது என்பதைவிட, அங்கே ஸ்கேன் இப்போது ஓடுகிறதா என்பதுதான் முக்கியம்.

'பூச்சி கடிச்சிருச்சு.' ராத்திரியில் பாம்பு என்று வாயால் சொல்லக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம். 'பூச்சி' என்பார்கள். நெய்வேலியிலிருந்து எங்கள் மேசைக்கு வந்த ஒரு பெண், நகரத்தில் வளர்ந்தவர், குளவி என்று எடுத்துக்கொண்டு களிம்பு தடவச் சொல்லப்போனார். நான் போனை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து இந்தச் சொல்லுக்கு நேராக, 'பாம்பா என்று வாய்விட்டுக் கேள்' என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். பாம்பு என்று தெரிந்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் கொண்டுவாருங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

இதன் இரட்டைச் சொல் 'பூச்சி மருந்து'. இதை யாரும் நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். வாயில் நுரை, வியர்வை, வயிற்றுப்போக்கு, மயக்கம் என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். போலீஸ் வந்துவிடும், ஊர் பேசும் என்ற பயம். நான் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாவது பாட்டில் தொறந்து கிடக்கா பாருங்க. நான் யாருக்கும் சொல்லப் போறதில்ல, டாக்டருக்கு மட்டும் தெரியணும்" என்பேன். உப்புக் கரைசல், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அது நுரையீரலுக்குள் போய் ஆளையே கொன்றுவிடும். பாட்டிலையும் அதன் அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். மனது நொந்துபோய் இருக்கிறவர் வீட்டில் இருந்தால், அந்த நிலை வரும் முன்பே 104-க்கோ 14416-க்கோ பேசலாம். நாள் முழுக்க எடுப்பார்கள்.

'பனிக்குடம் உடஞ்சிருச்சு.' கேட்பது மூன்று. தலைப்பிரசவமா? வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை? குழந்தை தலை தெரியுதா? தலை தெரிகிறது என்றால் பைக்கில் ஏற்றாதீர்கள், ஆட்டோ பிடிக்காதீர்கள், அங்கேயே படுக்க வையுங்கள், வண்டி அங்கே வரட்டும். பிறந்துவிட்டால் குழந்தையைத் துடைத்து அம்மா நெஞ்சின் மேல் போட்டுத் துணியால் போர்த்துங்கள். கொடியை வெட்ட அரிவாளைத் தேட வேண்டாம்.

*

இடம் சொல்வது இன்னொரு பாடம். கடலூர் ஆட்களுக்கு முதுநகர் என்றால் 'ஓ.டி.'. பழைய நகரம் என்பதன் சுருக்கம். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர். "ஓ.டி.ல ஆக்சிடென்ட் ஆயிருச்சு" என்று வந்த போனை எங்கள் புதுப் பெண் மாடிக்கு மாற்றிவிட்டாள், அங்கே ஒரு நிமிஷம் போயிற்று. புதுப்பேட்டை என்பார்கள். பண்ருட்டிக்கிட்டே ஒரு புதுப்பேட்டை, பரங்கிப்பேட்டைக்கிட்டே கடலோரத்தில் ஒரு புதுப்பேட்டை. இரண்டுக்கும் நடுவில் பாதி மாவட்டம் இருக்கிறது. புதுக்குப்பம் இதைவிட மோசம், புதுச்சேரி எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் கிடையாது. ஆகவே முதலில் தாலுகா, அடுத்து எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில், பிறகு தண்ணீர் டேங்க், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் இந்த மூன்றில் ஒன்று. மெயின் ரோட்டில் இருந்தால் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணும், வண்டி எந்த ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது என்பதும். நடுவில் தடுப்புச் சுவர் உள்ள நாலு வழிச்சாலையில் திசை தெரியாமல் போனால் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு, திரும்பி வர வழி தேடும். முடிந்தால் ஒரு ஆளை ரோட்டுக்கு அனுப்பி, செல்போன் விளக்கை ஆட்டச் சொல்லுங்கள்.

இடம் பற்றிய பேச்சில் முள்ளோடையை விட முடியாது. கடலூரிலிருந்து பாண்டி போகிறவர்கள் ரெட்டிச்சாவடி தாண்டியதும் மாநிலம் மாறும் இடம். பல நாள் பயணித்தவர்களுக்கே கோடு எங்கே என்று சரியாகத் தெரியாது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஒரு ஷேர் ஆட்டோவும் இரண்டு பைக்கும் மோதிக்கொண்டன. பார்த்தவர்களில் நான்கு பேர் நான்கு இடத்துக்குப் போன் செய்தார்கள். ஒருவருடைய போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருந்தது, புதுச்சேரிக் கட்டுப்பாட்டு அறை எடுத்தது. ஒருவர் தமிழ்நாட்டுப் பக்கம் பேசினார். ஒருவர் 112. ஒருவர் எங்களுக்கு. ஒவ்வொருவரும் தன் கண்ணெதிரே கிடந்த ஒருவரைப் பற்றி மட்டும் சொன்னார். எல்லாரும் ஒரே ஆளைத்தான் சொல்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். "மொத்தம் எத்தனை பேர்?" என்று நான் கேட்கவில்லை. நாங்கள் போனபோது ரோட்டில் கிடந்தவரைத் தூக்க மூன்று வண்டி நின்றது. பள்ளத்தில் கவிழ்ந்த ஆட்டோவுக்குள் கால் மாட்டிக்கொண்டிருந்த பாட்டியை அதுவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கம்பியை அறுக்கத் தீயணைப்பு வண்டி வேண்டும். அதற்கு அப்போதுதான் 101-ஐக் கூப்பிட்டோம்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது, ஒரு விபத்து இடத்தில் யாருக்கு என்ன வேலை என்பது. 108 நோயாளியைத் தூக்கும், சிகிச்சை செய்யும். ஆனால் நசுங்கிய வண்டியை அறுக்காது, கவிழ்ந்த லாரியைத் தூக்காது. மாட்டிக்கொண்டவரை வெளியே எடுப்பது தீயணைப்பு மீட்புத் துறை. கூட்டத்தை விலக்கி, போக்குவரத்தைத் திருப்பி, மேலும் ஒரு வண்டி வந்து மோதாமல் காப்பது போலீஸ். 112 என்பது போலீஸ், தீ, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான எண். எது வேண்டும் என்றே தெரியாத பதற்றத்தில் அதை அழுத்துங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, ரோந்து வண்டியும் கிரேனும் அவர்களிடம்தான். வேப்பூர், தொழுதூர் பக்கம் திருச்சி ரோட்டில் நடக்கும் விபத்துகளில் இந்த எண் மிகவும் உதவியிருக்கிறது. வெள்ளம், புயல் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்த காலையில் ரோடெல்லாம் மரம். மரத்தை அறுக்க ஆள் வராமல் எந்த ஆம்புலன்சும் நகராது என்பதை அப்போது கடலூரே பார்த்தது. கடலில் படகு கவிழ்ந்தால் கடலோரக் காவல்படை 1554, கரையோரப் போலீஸ் 1093.

சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, ஏதோ நாற்றம் என்று போன் வந்தால் நான் கேட்பது, "காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" வாயுக் கசிவில் தீயணைப்பு வீரர்கள் உள்ளே போய்ப் பார்க்கும்வரை ஆம்புலன்ஸ் காற்று வரும் திசையில் தள்ளித்தான் நிற்கும். இதை எங்கள் பேச்சில் 'ஸ்டேஜிங்' என்போம். ஜனங்களுக்கு, வண்டி வந்து சும்மா நிற்கிறதே என்று கோபம் வரும். உள்ளே போன இ.எம்.டி.யும் விழுந்துவிட்டால் தூக்குவதற்கு ஆள் இருக்காது. காற்றுக்குக் குறுக்காக நடந்து, வாயு போகும் பாதையை விட்டு விலகி, அந்த வண்டியை நோக்கி நீங்களே வந்துவிடுங்கள்.

முள்ளோடை கதைக்குத் திரும்புகிறேன். எந்த மாநிலத்து வண்டி தூக்கினாலும் பரவாயில்லை, முதலில் தூக்க வேண்டும். ஆனால் எந்த இடத்தில் விபத்து நடந்தது என்பது பிறகு பணத்தில் வந்து நிற்கும். தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். அதனால் எல்லையோரத்தில் அடிபட்டால், கூட வருகிறவர் அந்த இடத்தில் எந்தக் கடை, எந்தக் கல் என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. புகாரைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் வாங்க வேண்டும், அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள்.

தூக்கிக்கொண்டு வந்தவருக்கு இன்னும் பயம் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு வராது என்கிறது. பெயர், விலாசம் சொல்ல விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்த முடியாது. இதை எங்கள் மேசைக்கு மேலே அச்சடித்து ஒட்டியிருக்கிறேன். கூட வந்த பையன்கள் நழுவிப் போகப் பார்க்கும்போது அதைக் காட்டுவேன். அவர்களிடமிருந்து எங்களுக்கு வேண்டியது ஒரு சில வரிதான்: எப்படி விழுந்தார், ஹெல்மெட் இருந்ததா, விழுந்ததும் பேசினாரா, பேசியவர் எப்போது பேச்சை நிறுத்தினார். வார்டில் ஆளை ஒப்படைக்கும்போது நாங்கள் சொல்லும் 'ஹேண்ட் ஓவர்' இந்த வரிகளில்தான் நிற்கிறது. அங்கே வாங்குகிறவர் அதை வைத்துத்தான் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று அவசரத்தின் அளவைப் பிரிப்பார். பச்சையில் உட்கார வைக்கப்பட்டவர், தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். காத்திருக்க அவர் உடம்பில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

*

ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதை ஐ.எஃப்.டி. என்போம். கடலூரிலிருந்து ஜிப்மருக்கோ, சிதம்பரத்துக்கோ, சென்னைக்கோ போகும் வண்டிகள். இதில் வரும் சங்கடமெல்லாம் ஒரே காரணத்தால்: அங்கே படுக்கை இருக்கிறதா என்று யாரும் பேசாமல் கிளம்புவது. அனுப்புகிற டாக்டர் வாங்குகிற டாக்டரிடம் பேசிவிட்டாரா, அந்த டாக்டர் எந்த வார்டு என்று சொன்னாரா, இதைக் கேட்டுவிட்டு வண்டியில் ஏறுங்கள். கேஸ் ஷீட், ஸ்கேன் படம், கொடுத்த மருந்துச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். பிரசவம் முடிந்து அம்மாவும் குழந்தையும் வீட்டுக்குத் திரும்ப 102 வண்டி உண்டு. அதற்கு 108-ஐக் கூப்பிட்டால் வேறு யாருக்கோ போக வேண்டிய வண்டி சிக்கிக்கொள்ளும்.

எங்கள் பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்கு 'ஃப்ரீ' என்று பெயர். அழைப்பு வந்த நேரம், வண்டிக்குச் சொன்ன நேரம், கிளம்பிய நேரம், இடத்துக்குப் போன நேரம், ஆளோடு கிளம்பிய நேரம், ஆஸ்பத்திரி சேர்ந்த நேரம், ஒப்படைத்த நேரம், பிறகு 'ஃப்ரீ'. வண்டி அடுத்த அழைப்புக்குத் தயார் என்று பொருள். "டிரைவரு போன்ல ஃப்ரீன்னு சொன்னாரே, அப்புறம் ஏன் காசு கேக்குறீங்க?" என்று கேட்டார் ஒருவர். அவர் மேல் தப்பில்லை. அதற்குப் பிறகு நோயாளி வீட்டார் காதில் விழும்படி அந்தச் சொல்லைப் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். 'வண்டி தயார்' என்கிறோம்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆள் இறந்துவிட்டார் என்று வீட்டிலேயே தெரிந்த பிறகும் ஆம்புலன்சைக் கூப்பிடுகிறார்கள். இறந்தவரை உயிர்காப்பு வண்டி ஏற்றாது. அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை ஊருக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. அங்கே ஆளை இழந்தவர்களை இந்த எண்ணைத் தேடிக்கொண்டு நிற்க வைக்கக் கூடாது என்பதற்காக, அதை நானே அழைத்துச் சொல்லிவிட்டு, பிறகு அவர்களிடம், "வண்டி வரும்மா, நீங்க உக்காருங்க" என்பேன். இதற்கு நோட்டில் வலது பக்கம் கேள்வி ஒன்றும் எழுதவில்லை.

போன மாதம் விருத்தாசலத்துப் பெண் ஒருத்தி மேசைக்குப் புதிதாக வந்தாள். இரண்டாவது நாளே தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு போன். அவள் கையால் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்து, "அக்கா, திருக்கை அடிச்சிருச்சுன்னு சொல்றாங்க. யாரு திருக்கை? அடிதடியா? போலீசுக்குச் சொல்லணுமா?" என்றாள். கடலைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை. திருக்கை என்பது மீன், வாலில் முள் இருக்கும், வலை பிரிக்கும்போது காலில் குத்திவிடும் என்று சொன்னேன். முள்ளைப் பிடுங்கக் கூடாது, ரத்தம் பீறிட்டால் அமுக்கிப் பிடிக்க வேண்டும், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி குறையும், நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் பெரிய வண்டி. அவள் அதை அப்படியே போனில் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். போனை வைத்ததும் நோட்டை இழுத்து, இடது பக்கத்தில் 'திருக்கை அடிச்சிருச்சு' என்று எழுதினாள். வலது பக்கத்தில், "கால்லயா, உடம்புலயா? முள்ளு உள்ளயே இருக்கா? அடுப்புல வெந்நீர் இருக்கா?"